மண்சட்டி: பழக்குவது எளிது, உலர்த்துவதுதான் பெரும்பாடு

மண்சட்டி வாங்கலாமா என்று தோழி கேட்டிருக்கிறாள். பழக்கும் முறை அவளுக்கே தெரியும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். கஞ்சியின் மாவுச்சத்து நுண்துளைகளுக்குள் புகுந்து அவற்றை அடைக்கும், கசிவு நிற்கும். இதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் புழங்கிய பிறகும் என்னைப் படுத்துவது வேறொன்று: சட்டி காய்வதே இல்லை.

கழுவிக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். நம்பவே கூடாது. சாதாரண மண்சட்டியைப் பெரும்பாலும் 1000 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் சுடுகிறார்கள். மண் முழுக்க இறுகுவதில்லை. கஞ்சி கசிவை நிறுத்துமே தவிர, சட்டி நீர் குடிப்பதை நிறுத்தாது. அந்த ஈரத்தோடு அலமாரியில் வைத்து மூடினால் இரண்டொரு நாளில் அடியில் வெள்ளை படர்ந்துவிடும். விரலால் தேய்க்கும்போது வாடையின்றி மாவாக உதிர்ந்தால் அது தண்ணீரின் உப்பு, கழுவினால் போயிற்று. பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு முடை வாடை அடித்தால் பூஞ்சணம். வெந்நீர், தேங்காய் நார், வெயில், மறுபடி கஞ்சி என்று எல்லாம் முதலிலிருந்து. சோப்பு போட்டு ஒரேயடியாகத் தேய்த்துவிடவும் வழியில்லை; துளைக்குள் போன சோப்பு அடுத்த கொதியில் குழம்போடு கலக்கும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? வெறும் சட்டியை அடுப்பில் காயவைக்கச் சொல்கிறார்கள். ஈரம் குடித்த சுவர் சட்டென்று சூடேறினால் விரிசல் விடும். சொல்பவர்களுக்கென்ன!

ஆனால் சமையலில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தீயை அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதிக்கும். மண் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடுவதால், பதம் வருவதற்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிடலாம். எவ்வளவு புளிப்பானாலும் உலோக வாடை ஏறாது. உள்ளே பளபளவென்று பூச்சுப் பூசிய சட்டி மட்டும் வேண்டாம். பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசலோ, வேக்காட்டுக் குறையோ இருக்கும்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. காற்றும் வெயிலும் எட்டாத உன் சமையலறையில் அது சீரழியும். நான் இன்னொரு சட்டி வாங்கப்போகிறேன். ஒன்று காய்கிறவரை மற்றதில் சமைக்கலாம்.