காரைக்குடியில் ஈயம் பூச நம்பிக்கையான பட்டறை

பித்தளைப் பாத்திரத்துக்கு ஒழுங்காக ஈயம் பூச ஆள் கிடைக்காமல் அலைபவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போங்கள். பழம்பொருள் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னப் பட்டறை.

நான் கொண்டுபோனது என் சீர் சாமான். எங்கள் பக்கம் பெண் பிறந்ததுமே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆத்தாவும் (அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தவலை, குண்டான், போகணி என்று வாங்கி, ஒவ்வொன்றிலும் என் பெயரை வெட்டி, இரண்டாம் கட்டு அறையில் அடுக்கியிருந்தாள். நான் சாதி விட்டுக் கல்யாணம் செய்ததும் அறைக்குப் பூட்டு விழுந்தது, பேச்சும் நின்றது. அப்பச்சி, அதாவது அப்பா, காரியத்தில்கூட ஆத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. போன தை மாதம் சின்னாத்தாவிடம் சொல்லி அனுப்பினாள்: "அவ சாமானை அவளையே வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

சரி, பட்டறைக்கு வருவோம். அண்ணன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வெண்கலப் பானையைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். "இதுக்கு ஈயம் வேணாம் ஆச்சி. பித்தளைக்கும் செம்புக்கும்தான்." அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சூடேற்றி, நவச்சாரம் என்ற உப்பைத் தூவினார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுழற்றித் துடைத்ததும் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது. காரீயம் கலக்காத வெள்ளீயம்தான் வாங்குகிறாராம். சமைக்கிற பாத்திரத்துக்கு இதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஆத்தாவும் கூட வந்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பழைய பேச்சு வந்துவிடும். இங்கே பாத்திரத்தைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். பெரிய தவலையின் விளிம்பில் விரலை ஓட்டி, "தம்பி, இங்கன பூச்சு ஏறலையே" என்றாள். அவர் முகம் சுளிக்காமல் மறுபடி சூடேற்றினார். அப்போது என் பக்கம் திரும்பி, "இது ஆயா கொடுத்தது. வெறும் பாத்திரத்தை அடுப்புல வச்சிராதே, ஈயம் உருகிரும்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு நேராக என்னிடம் பேசிய முதல் பேச்சு. அங்கேயே அழுதுவிட்டேன். அவள் சொன்னதும் சரிதான், 232 டிகிரி செல்சியஸிலேயே வெள்ளீயம் உருகிவிடும். கம்பி நார் போட்டும் தேய்க்காதீர்கள்.

விலையை ஒவ்வொன்றுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறார், அதற்கு மேல் கேட்கவில்லை. உட்கார இடமில்லை, புகையும் அதிகம். இருமல் உள்ளவர்கள் வெளியே நிற்பது நல்லது. தீபாவளி, பொங்கலுக்கு என்றால் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். ஆத்தா தன் அண்டாவையும் கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு பேரும் போய் வாங்க வேண்டும்.