யாழ்ப்பாணம் வரும் வழியும் தீவுகளுக்குப் போகும் வழியும்

கனடாவில் வாழும் எங்களைப் போன்றோர் ஊருக்குப் போவதென்றால், கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி இரவிரவாக வாகனத்தில் பயணம் செய்து குடாநாட்டின் வாசலான ஆனையிறவைக் கடக்கவேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். இம்முறை சென்னையிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தோம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, பெருந்தொற்றினால் சேவை நின்றுபோய், 2022 டிசெம்பரில் மீண்டும் சென்னையுடன் இணைக்கப்பட்ட இந்நிலையம் சிறியதுதான். ஆயினும் குடிவரவு அலுவலர் தமிழில் நலம் விசாரித்துக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தபோது, பயணக் களைப்பின் பாதி தீர்ந்துவிட்டது. சிறிய விமானங்களே வந்து போவதால், பெரிய விமானத்தில் அனுமதிக்கப்படும் அளவு பொதியை இதில் எதிர்பார்க்கக்கூடாது.

2014இல் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியது. இவற்றின் பயனை நகரத்தில் கண்ணாரக் கண்டோம். கோட்டை மதிலின்மேல் மாலையில் தென்னிலங்கைக் குடும்பங்களும் தமிழகத்து யாத்திரிகர்களும் ஐரோப்பிய இளைஞர்களும் ஒன்றாக நின்று பண்ணைக் கடலைப் பார்த்தார்கள். நல்லூரைச் சுற்றிப் பல வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாறியிருக்கின்றன. நாங்கள் தங்கிய விடுதியில் அறையும் சாப்பாடும் குறையற்றவை. எனினும் கடனட்டை ஏற்போம் என்று முன்பதிவில் சொன்னவர்கள், புறப்படும் காலையில் காசுதான் வேண்டும் என்றது சரியான நடைமுறையன்று.

தீவுகளுக்குப் போகும்போதுதான் உண்மையான குறை தெரிகிறது. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் பஸ் போகிறது. இரு மருங்கும் ஆழமற்ற கடல் விரிந்து கிடக்கும் அந்தப் பாதைக்காகவே ஒருவர் யாழ்ப்பாணம் வரலாம். இறங்குதுறையிலோ, படகு எத்தனை மணிக்குப் புறப்படும், கடைசிப் படகு எப்போது திரும்பும் என்று எழுதிய பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நயினாதீவுப் படகில் ஏற வந்த முதிய தாயார் ஒருவரை, “அம்மா, கையைத் தாங்கோ” என்று படகுத் தம்பிகள் இருவர் இருபுறமும் தாங்கி, ஆடிக்கொண்டிருந்த விளிம்பைக் கடக்கவைத்து, தாழ்ந்த கூரைக்குள் குனிந்து இறங்கச் செய்தார்கள். அவர்களுடைய கனிவுக்கு ஈடில்லை. ஆனால் அகலமான ஏறுபலகையும் கைபிடியும் இருந்தால் அந்த அம்மாவுக்கு அத்தனை பயம் இருந்திராது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து பெருகிய குதிரைகளும், முருகைக்கல் வேலிகளும், பெருக்கமரமும் வேறெங்கு இப்படி ஒருசேரக் கிடைக்கும்? இருந்தும், இறங்குதுறையில் எங்களுக்கு அருகில் நின்ற வெளிநாட்டுத் தம்பதியர், திரும்பிவரப் படகு உண்டா என்பதை உறுதிசெய்ய வழியில்லாமல், வந்த பஸ்ஸிலேயே நகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் செலவழித்திருக்கக்கூடிய பணம் நெடுந்தீவின் ஓட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போயிருக்கவேண்டியது.

மும்மொழியிலும் எழுதிய நேர அட்டவணை, நிழலுள்ள இருக்கைகள், துப்புரவான கழிப்பறை, எல்லோருக்கும் போதிய உயிர்காப்பு அங்கிகள் ஆகியவற்றுக்கு விமான நிலையத்துக்கு ஆன செலவில் சிறு துளியும் தேவைப்படாது. அதுவரை, தீவுகளுக்குப் போக எண்ணுபவர்கள் முதல்நாளே தீவுவாசி ஒருவரிடம் திரும்பும் படகின் நேரத்தை விசாரித்துக்கொண்டு, காலை முதல் பஸ்ஸிலேயே புறப்படுவது நல்லது.