குழியில் பூசிய வண்ணம்: பொருத்தும் பலகையோடு இரண்டரை வருடம்

போன வாரம் நாத்தனார் ஃபோனில் கேட்டாள். "அண்ணி, பையனுக்கு அடுத்த மாசம் ரெண்டு வயசு முடியுது. பாப்பா வச்சு விளையாடுற மரப்பலகை மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அன்று சாயங்காலம்தான் அந்தப் பலகையின் ஒரு துண்டில் ஆடிக்கொண்டிருந்த குமிழை மூன்றாவது முறையாக இறுக்கி முடித்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் அவளிடம் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பலகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பத்துக் குழி, பத்து வடிவத் துண்டு, துண்டின் மேல் பிடிக்க ஒரு குமிழ், கூடவே ஜோடி சேர்க்கும் படக் கார்டுகள். பாப்பாவுக்கு ஒன்றரை வயதில் வாங்கினோம். இப்போது நான்கு நடக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துண்டு சரியாக உட்காரும்போது ஒரு சத்தம் வரும், "டக்". அதற்கு ஈடாக வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கைதட்டிப் பாராட்டினாலும் திரும்பிப் பார்க்காதவள், அந்த ஒரு சத்தத்துக்காக வட்டத்தை எடுப்பதும் போடுவதுமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு வட்டம்தான் முதலில் கைகூடும். அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் உள்ளே போய்விடும். சதுரம் நான்கு நிலையில் மட்டும் போகும், சமபக்க முக்கோணம் மூன்றில், செவ்வகம் இரண்டில். திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே குழந்தைக்குப் புதிது. அந்த எண்ணம் கைக்கு வருவதைப் பார்க்கத்தான் இந்தப் பலகையை ஆசையாக வாங்கினேன்.

அதைத்தான் இந்தப் பலகை எட்டு மாதம் தள்ளிப்போட்டது. காரணம் வண்ணம். முக்கோணம் மஞ்சள் என்றால் அதன் குழிக்குள்ளும் அதே மஞ்சளைப் பூசியிருக்கிறார்கள். சதுரம் நீலம், குழியும் நீலம். பத்துக்கும் இப்படியே. கடையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஒரு வயது பத்து மாதத்தில் பாப்பா பத்தையும் கடகடவென்று போட்டபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஒரு நாள் உறவினர் வீட்டில் வண்ணமே பூசாத ஒரு மரப்பலகை கிடைத்தது. வட்டத்தைப் போட்டாள். முக்கோணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதோடு அப்படியே நின்றுவிட்டாள். அவ்வளவு நாளும் அவள் வடிவத்தைப் பார்க்கவே இல்லை, வண்ணத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தவறு இதில் துளியும் இல்லை. சுலபமான குறிப்பு கண்ணெதிரே இருக்கும்போது கடினமானதை அவள் ஏன் தேட வேண்டும்?

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. மரியா மாண்டிசோரி 1907ல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய முறையில் உருளைக் கட்டைகள் என்று ஒரு பொருள் உண்டு. நான்கு கட்டைகள், ஒவ்வொன்றிலும் பத்து உருளைகள், அவற்றுக்குப் பத்துக் குழிகள். வண்ணமே கிடையாது, வெறும் மரம். ஒரு கட்டையில் உருளைகளின் பருமன் மட்டும் மாறும், உயரம் மாறாது. இன்னொன்றில் உயரம் மட்டும் மாறும். வண்ணம் கற்றுத்தரத் தனியாக வண்ணப் பலகைகள் இருக்கின்றன. அங்கே வடிவமும் அளவும் ஒன்றே, வண்ணம் மட்டும் வேறு. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே ஜோடிகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குணம் மாற வேண்டும் என்பதுதான் இதில் அடிப்படை. நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இந்த விஷயத்தைக் குழந்தைக்குப் பொருள் செய்கிறவர்கள் எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

நாத்தனார் பையனை நினைத்தால் இன்னொரு கவலையும் வருகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. அப்படி ஒரு குழந்தை இந்த மாதிரிப் பலகையில் தடுமாறினால், வடிவம் தெரியவில்லை என்றுதான் பெற்றவர்கள் நினைப்பார்கள்.

குமிழ் கதையையும் சொல்ல வேண்டும். வாங்கி ஐந்தாவது மாதம், செவ்வகத்தின் குமிழ் கழன்று பாப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. வாய்க்குப் போகுமுன் பிடுங்கினேன். வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு சோதனை இருக்கிறது. 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழலுக்குள் ஒரு பாகம் முழுதாக அடங்கினால், தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ள பாகம் என்று அர்த்தம். அந்தக் குமிழ் என் கட்டைவிரல் நுனி அளவுதான் இருந்தது. அன்றிரவே பத்துக் குமிழ்களையும் பெயர்த்து, துண்டின் பின்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். அதன் பிறகு எதுவும் கழன்று விழவில்லை. ஆனால் ஸ்க்ரூ அவ்வப்போது தளர்கிறது, வாரம் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் கையில் கொடுப்பதில்லை.

வண்ணத்துக்கும் ஒரு வழி செய்தேன். பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே உட்கார்ந்து உப்புத்தாளால் பத்துக் குழிகளையும் தேய்த்தேன். மூலைகளில் இருந்த வண்ணம் லேசில் போகவில்லை, மூன்று நாள் ஆனது. தூசியைத் துடைத்துக் கழுவி உலர்த்திய பிறகுதான் உள்ளே எடுத்து வந்தேன். இப்போது துண்டுகளில் வண்ணம் உண்டு, குழிகளில் வெறும் மரம்.

முதல் நாள் பாப்பாவுக்குக் கோபம் வந்து பலகையைத் தள்ளிவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நானே பிடுங்கிக்கொண்டேனோ என்று சங்கடமாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு காலை, முக்கோணத்தைக் குழியின் மேல் வைத்து அழுத்தினாள். போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். அப்புறம் அழுத்துவதை விட்டுவிட்டு, குமிழைப் பிடித்த விரல்களை மெல்லத் திருகினாள். ஒரு முனை குழியின் முனையைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் திருகினாள். டக். அவள் முகத்தில் அப்போது சிரிப்புகூட இல்லை, அவ்வளவு கவனம். துண்டை எடுத்து மறுபடி போட்டாள். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். இந்தப் பலகையில் அறுகோணம் கொஞ்சம் சின்னது, வட்டத்தின் குழிக்குள்ளும் தொளதொளவென்று இறங்கிவிடும். இதற்காகவும் பல நாள் திட்டியிருக்கிறேன். ஆனால் மாண்டிசோரி உருளைகளும் அப்படித்தான் வேலை செய்கின்றன. மெல்லிய உருளை பெரிய குழிக்குள்ளும் போகும், கடைசியில் ஒரு பருத்த உருளை மட்டும் இடமில்லாமல் கையில் நிற்கும். தவறு நடந்திருக்கிறது என்பதைப் பெரியவர்கள் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லும். மூன்று வயதில் ஒரு நாள் பாப்பாவின் கையில் வட்டம் மிஞ்சியது. காலியாக இருந்த அறுகோணக் குழியில் வைத்துப் பார்த்தாள், போகவில்லை. உதவிக்கு என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவளோ பலகையைத் தூக்கி லேசாக ஆட்டினாள். எது கடகடக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டு அறுகோணத்தை எடுத்தாள். அப்படிச் செய்யலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறவை ஜோடியை எப்போதும் நொடியில் எடுப்பாள். கவனித்துப் பார்த்தால், இரண்டு கார்டுகளிலும் மூலை மடங்கியிருந்தது. படத்தையே பார்க்காமல் மூலையைப் பார்த்து எடுத்திருக்கிறாள். எல்லா மூலைகளையும் வட்டமாக வெட்டிவிட்டேன், அதோடு சரியானது. கார்டுகளைவிட, நிஜப் பொருளைப் படத்தோடு சேர்ப்பதுதான் அவளுக்குப் பிடித்தது. கரண்டிக்குக் கரண்டிப் படம், சாவிக்குச் சாவிப் படம். ஒரு பொருளை அதே மாதிரி இன்னொரு பொருளோடு சேர்ப்பதைவிட இது ஒரு படி கடினம்தான், ஆனாலும் கார்டுக்கு முன்னால் இதைத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வண்ணத்தின் பெயர் சொல்லத் தெரியவில்லையே என்று அவசரப்பட வேண்டாம். சிவப்பைச் சிவப்போடு சேர்க்கத் தெரிந்து பல மாதம் கழித்துத்தான் "சிவப்பு" என்ற சொல் சரியான இடத்தில் வந்து உட்காரும். "இது சிவப்பு" என்று காட்டுவது, "சிவப்பு எது?" என்று கேட்பது, "இது என்ன?" என்று கேட்பது, இவை மூன்றும் தனித்தனிப் படிகள். மூன்றாவதில் தொடங்கிக் குழந்தையைத் திணறடிக்கிறோம்.

சரி, நாத்தனாருக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். ஒரே வடிவத்தில் அளவு மட்டும் மாறுகிற நான்கு டப்பாக்களை எடு, மூடிகளைக் கழற்றிக் கலந்து பையன் முன்னால் வை, இப்போதைக்கு அது போதும் என்றேன். வாங்கியே தீர வேண்டுமென்றால் குழியில் வண்ணம் இல்லாததாகப் பார், கடையிலேயே குமிழைப் பிடித்து இழுத்துப் பார் என்றும் சொன்னேன்.

"அப்போ உங்க பழைய பலகையைக் குடுங்க அண்ணி, அதான் நீங்களே எல்லாம் சரி பண்ணிட்டீங்களே" என்றாள்.

தர மனம் வரவில்லை. பாப்பா இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, துண்டின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவி, அதே விரலால் குழியைத் தேடிப் போடுகிறாள். நேற்று எட்டு போட்டாள். ஐங்கோணமும் அறுகோணமும்தான் இன்னும் மாறுகின்றன.