ஓஎல்இடி டிவி, நீண்ட காலப் பயன்பாடு: படத்தைப் படமாக இருக்க விடாத டிவி

மதர்போர்டு மாற்றிய பிறகு டிவி மறுபடி ஓடுகிறது. ஆனால் போர்டு புதிது என்பதால், பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த செட்டிங்ஸ் அத்தனையும் அழிந்து, பெட்டியிலிருந்து எடுத்த நாளின் நிலைக்குப் போய்விட்டது. போட்ட முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. நாயகி ஒரு நீண்ட வராந்தாவில் நடந்து வருகிறாள். கால் தரையில் பதியாமல் வழுக்கிக்கொண்டே வருகிறாள். அசைவை வழவழப்பாக்க டிவி தானே ஃபிரேம்களைச் சேர்க்கும் வசதி, மோஷன் ஸ்மூத்திங், திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது.

65 அங்குலம், 4கே, 120 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும்). மற்ற விவரங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த வசதியைப் பெரிய கம்பெனிகள் எல்லாமே ஆளுக்கொரு பெயர் வைத்து உள்ளே போட்டிருக்கின்றன. பல மாடல்களில் அது ஆன் ஆகியே வருகிறது.

திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். மௌனப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் ஏறும் இறங்கும். பேசும்படம் வந்ததும் ஒலிக்கு ஒரே சீரான வேகம் தேவைப்பட்டது. 1920களின் கடைசியில் 24 நிலைத்தது. ஒவ்வொரு ஃபிரேமும் பெரும்பாலும் நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்குகிறது. அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் கை லேசாகக் கலங்கிப் பதிகிறது. அந்தக் கலங்கலும், ஃபிரேமுக்கு ஃபிரேம் உள்ள சின்னத் தாவலும் சேர்ந்ததுதான் நமக்குச் சினிமாவாகத் தெரிகிறது. மோஷன் ஸ்மூத்திங் என்ன செய்கிறது? அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களைப் பார்த்து, எது எங்கே நகர்ந்தது என்று கணக்குப் போட்டு, நடுவில் புது ஃபிரேம்களைத் தானே தயாரிக்கிறது. 120 ஹெர்ட்ஸில் முழு வேகத்தில் வைத்தால், திரையில் ஓடும் ஐந்து ஃபிரேம்களில் நான்கு டிவி உண்டாக்கியவை. யாரோ எழுதிய கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தபால்காரர் நான்கு நான்கு வரி எழுதிக் கொண்டுவந்து கொடுப்பது மாதிரி.

வீட்டில் இதைத் தொழில்நுட்பப் பெயர் சொல்லி யாரும் குறை சொல்வதில்லை. "படம் சீரியல் மாதிரி இருக்கே" என்பார்கள். மிகச் சரியான கணிப்பு அது. வீடியோவில் எடுக்கப்பட்ட சீரியல்களில் அசைவு நொடிக்கு 50 அல்லது 60 முறை பதிவானது. பெரும் உழைப்பில் ஒளியமைத்து எடுத்த காட்சியை டிவி அந்த வழவழப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

கோபம் உச்சத்துக்குப் போவது அனிமேஷனில்தான். கையால் வரைந்த அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது பழைய வழக்கம். நொடிக்கு 12 வரைபடம். செலவு குறையும் என்பது ஒரு காரணம். ஆனால் அதிலிருந்தே ஒரு தாளமும் பிறந்தது: குத்து விழும்போது படம் ஒரு கணம் நின்று தெறிக்கும். எந்தத் தோற்றத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அனிமேட்டர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். டிவியோ அந்த நிறுத்தத்தைக் குறை என்று எடுத்துக்கொண்டு நிரப்பப் பார்க்கிறது. கோடுகள் ரப்பராக நீள்கின்றன, விரல்களைச் சுற்றி ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

2018-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டூ தி ஸ்பைடர்வெர்ஸ்' முழுக்கக் கணினியில் செய்த படம். அதில் ஃபிரேமே கதை சொல்கிறது. புதிதாக ஸ்பைடர்மேன் ஆகும் பையன் மைல்ஸ் தடுமாறும் கட்டங்களில் அவனை நொடிக்கு 12 தோற்றமாக அசைத்தார்கள். அவனோடு ஓடும் அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டர் அதே ஷாட்டில் 24-இல் அசைகிறார். மைல்ஸ் தன்னை நம்பத் தொடங்கிய பிறகு அவன் அசைவும் 24-க்கு ஏறுகிறது. மோஷன் ஸ்மூத்திங்கோடு பார்த்தால் இருவரும் ஒன்றுபோல வழுக்குகிறார்கள். எத்தனையோ பேர் அமர்ந்து முடிவெடுத்த ஒரு விஷயம், வீட்டுக்கு வந்ததும் காணாமல் போகிறது. இதை எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது?

அதிக ஃபிரேமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2012-இல் 'தி ஹாபிட்' 48 ஃபிரேமில் வந்தது; 2022-இல் 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' சில காட்சிகளை 48-இலும் சிலவற்றை 24-இலும் காட்டியது. பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. ஆனால் அது இயக்குநர் எடுத்த முடிவு, அதற்கென்றே தயாரான ஃபிரேம்கள்.

இன்னொரு நியாயமும் உண்டு. ஓஎல்இடி பிக்ஸல் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் மாறிவிடும். பழைய எல்சிடி மெதுவாக மாறியதால் ஃபிரேம்களுக்கு நடுவிலான தாவல் கொஞ்சம் மழுங்கியது. இங்கே ஒவ்வொரு ஃபிரேமும் அசையாமல் நின்று, சட்டென்று அடுத்ததற்குத் தாவுகிறது. வெளிச்சமான எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை) காட்சியில் கேமரா மெதுவாக இடமிருந்து வலம் திரும்பினால் கண் உறுத்துகிறது. அந்த இடத்தில் மிகக் குறைந்த அளவு வைத்துப் பார்த்தேன், உண்மையிலேயே உதவியது. ஆகவே வசதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கேட்காமல் ஆன் செய்யாதே என்கிறேன், அவ்வளவுதான்.

அணைப்பதாவது சுலபமா? சாதாரணப் படத்துக்கு ஒரு செட்டிங், எச்டிஆருக்குத் தனி, எச்டிஆரிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்குத் தனி. ஒன்றில் அணைத்தால் மற்றொன்றில் அப்படியே இருக்கும். சாஃப்ட்வேர் அப்டேட் வந்து சிலமுறை எல்லாமே பழையபடி மாறியிருக்கிறது. இத்தனைக்கும் 120 என்பது 24-இன் சரியான ஐந்து மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமையும் ஐந்து முறை காட்டினால் வேலை முடிந்தது. 60 ஹெர்ட்ஸ் டிவிதான் பாவம், ஒரு ஃபிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே சரியாகக் காட்டக்கூடிய டிவி இது.

2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டு வீடியோவே வெளியிட்டார்கள். 2019-இல் டிவி கம்பெனிகளும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவித்தது. ஸ்மூத்திங், ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அணைக்கும் அமைப்பு. நல்ல விஷயம். என் டிவியிலும் இருக்கிறது, நாலு மெனுவுக்கு அடியில். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டிய 'விவிட்' மோட் மட்டும் முதல் வரிசையில்.

இத்தனை திட்டிய பிறகு அந்தக் கறுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிவிடுவதால், கறுப்பு என்றால் அந்தப் பிக்ஸல் அணைந்தே விடுகிறது. எச்டிஆருக்காகத்தான் வாங்கினேன், மனதைப் பறித்தது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். 35 மிமீ நெகட்டிவிலிருந்து 4கேயில் ஸ்கேன் செய்து மீட்டெடுத்த பிரதிகளைப் போட்டால், ஒரு முகத்தில் பாதி நிழலிலும் பாதி வெளிச்சத்திலும் எத்தனை சாம்பல் நிறங்கள் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். தியேட்டரில்கூட எனக்கு இது இப்படிக் கிடைத்ததில்லை. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் திரையின் விளிம்பே மறைந்துவிடுகிறது. டிஸ்க்கில் பார்த்தால் ஃபிலிமின் மணல் போன்ற பொடித் துகள்கூடத் தெரியும். ஸ்ட்ரீமிங்கில் வீடியோ டேட்டாவைச் சுருக்கி அனுப்புவதால் அந்த மணல் கரைந்துபோகிறது, இருண்ட காட்சிகளில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. அதில் டிவியின் குற்றம் குறைவு.

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். படத்தின் தரத்துக்கு என்னிடம் இதைவிட நல்ல வார்த்தை இல்லை, இருந்தும் வேண்டாம் என்றேன். முதல்முறை ஆன் செய்யும்போது "ஸ்மூத்திங் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலைக் கடைசிவரை மதிக்கும் கம்பெனியின் டிவி வரட்டும், அதை வாங்குங்கள். என்னுடையதை விற்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் சாதாரணம், எச்டிஆர், டால்பி விஷன் மூன்றிலும் ஒவ்வொரு படத்தை ஓடவிட்டு, ஓடும்போதே மெனுவுக்குள் போய் அணையுங்கள். ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். பிறகு கடைசியில் மேலே ஏறும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். எழுத்துகள் லேசாகத் துடித்தபடி ஏறினால் சரியாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு ஏறினால் இன்னும் எங்கேயோ ஆன் ஆகியிருக்கிறது, தேடுங்கள்.