காரைக்குடியில் மலேசியா டிக்கெட் போடுகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் கோலாலம்பூரில் என் மாமா பேரனுக்குக் கல்யாணம். 71 வயது ஆத்தாவை அழைத்துப் போக, காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டேன். "திருச்சியில இருந்து டைரக்ட் ஃபிளைட்ண்ணே, 4 மணி நேரம்தான். ஆச்சி, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மலேயா வந்துரும்" என்றார் கடைக்காரர்.

அந்த 4 மணி நேரம் உண்மைதான். திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,700 கிலோமீட்டர். நேரடி விமானம் அவ்வளவு நேரத்தில் போய்விடும். ஆனால் நேரடி விமானத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அவர் போட்டது வேறு.

முதலில் கையில் கொடுத்தது கடை லெட்டர்பேடில் அடித்த ஒரு தாள். வியாழன் மாலை 6.20 திருச்சி, வெள்ளி காலை 6.30 கோலாலம்பூர். நடுவில் ஒன்றுமே இல்லை. "12 மணி நேரம் காட்டுதே?" என்றேன். "அது அந்த ஊர் நேரம்ண்ணே, வித்தியாசம் இருக்கும்ல" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னால். அங்கே காலை 6.30 என்றால் நமக்கு விடியற்காலை 4. ஆக, பயணம் 9 மணி 40 நிமிடம். நேரடியாகப் போயிருந்தால் அந்த ஊர் நேரப்படி நள்ளிரவு 12.50க்கே இறங்கியிருப்போம். கடையிலேயே நின்று போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு.

கிளம்புகிற அன்று காலையில்தான் டிக்கெட் வாட்ஸப்பில் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. திருச்சி–சென்னை ஒரு கம்பெனி, சென்னை–கோலாலம்பூர் வேறொரு கம்பெனி, பி.என்.ஆர். என்கிற முன்பதிவுக் குறியீடும் தனித்தனி. முதல் விமானம் உள்நாட்டுப் பயணம் என்பதால் ஆளுக்கு 15 கிலோதான். பலகாரப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டினேன்.

அந்த விமானம் 3 மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்கும்போது 10.30. பெட்டிகளை எடுத்து, ஆத்தாவை நடத்திக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் 12.05 விமானத்தின் கவுண்டரை மூடிவிட்டார்கள். இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனியுடையது. தனித்தனி என்பதால் யாரும் பொறுப்பில்லை.

ஆத்தா மடியில் ஓலைக்கொட்டான், அதற்குள் சீப்புச் சீடை. ராத்திரி முழுக்க அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். கொட்டானைக் கீழே வைக்கவே இல்லை. "திருப்பூட்டுக்குப் போயிருவோம்லப்பா?" என்று மூன்று தடவை கேட்டார்கள். தாலி கட்டுவதைத்தான் எங்கள் பக்கம் திருப்பூட்டு என்போம். மறுநாள் இரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது, ஆளுக்கு 19,000 ரூபாய். சனிக்கிழமை காலை மண்டபத்துக்குள் நுழைந்தபோது திருப்பூட்டு முடிந்து முதல் பந்தியும் எழுந்துவிட்டது. மாமா காலமாகி 2 வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்கு மூத்தவராக ஆத்தாதான் முன்னால் நின்றிருக்க வேண்டும். அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஊருக்கு வந்து கேட்டால், "ஃபிளைட் லேட்டானதுக்கு நான் என்னண்ணே பண்றது" என்கிறார். தாள், ரசீது, வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்படி எங்காவது பணம் கட்டிவிட்டுத் தாளை மட்டும் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே பி.என்.ஆரைக் கேட்டு வாங்குங்கள். ஆறு எழுத்து இருக்கும், எண்ணும் கலந்திருக்கலாம். விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் அதைப் போட்டு, நடுவில் வேறு ஊர் வருகிறதா என்று பாருங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்று சொன்னால் கடையைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.