மூன்று வருடமாக ‘யூஸ்டு டு’வோடு

வேலை மாறியதும் வாரத்தில் நான்கு நாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும்படி ஆனது. இங்கிலீஷ் படிப்பேன், எழுதுவேன். பேச்சில் மட்டும், ஒரு தடவை செய்ததையும் வழக்கமாகச் செய்ததையும் பிரித்துச் சொல்ல வரவில்லை. கடந்த கால வடிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிப் பழக ஆரம்பித்து மூன்று வருடமாகிறது.

முதல் மாதமே ஒரு வாடிக்கையாளர், ஆபீசுக்கு எப்படி வருகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். வீடு கோயம்பேடு, ஆபீஸ் ஆலந்தூர். 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோ ஓடியதே இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான். அதற்கு முன் அந்தப் பக்கம் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ வாஸ் கோயிங் பை பஸ்’ என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், ‘ஓகே, அண்ட் தென்?’ என்றார். பஸ்ஸில் போகும்போது என்னவோ நடந்திருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன் என்று காத்திருக்கிறார்!

நம்முடைய ‘போய்க்கொண்டிருந்தேன்’ இரண்டு வேலை பார்க்கிறது. பாதியில் இருக்கும் செயலுக்கும் அதுதான், பழைய வழக்கத்துக்கும் அதுதான். ‘வாஸ் கோயிங்’ என்றால் கேட்பவருக்கு முதலில் தோன்றுவது பாதியில் இருக்கும் செயல். வழக்கத்துக்கு ‘ஐ யூஸ்டு டு கோ பை பஸ்’. இப்போது அப்படி இல்லை என்பதும் பெரும்பாலும் அதிலேயே புரிந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘வுட்’. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமையானால் மெரினா போவோம், அப்பா சுண்டல் வாங்கித் தருவார், இருட்டும்வரை அலையில் நிற்போம். போவோம், தருவார், நிற்போம் எல்லாமே எதிர்கால வடிவம், சொல்வதோ பழைய கதை. ‘வில்’லின் கடந்த கால வடிவமான ‘வுட்’டும் இதே வேலையைச் செய்கிறது. ‘வென் ஐ வாஸ் எ சைல்ட்’ என்று காலத்தைச் சொல்லிவிட்டு, ‘வீ வுட் கோ டு மெரினா’ என்று தொடரலாம். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து, சொந்தக் கதை சொல்லும்போது எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் ‘வீ வுட் லிவ் இன் பெரம்பூர்’ என்று சொல்லக் கூடாது. குடியிருந்தது நிலை, திரும்பத் திரும்பச் செய்த செயல் இல்லை. நாமும் பெரம்பூரில் ‘இருந்தோம்’ என்றுதான் சொல்வோம், ‘இருப்போம்’ என்று சொல்ல மாட்டோம். அங்கே ‘யூஸ்டு டு லிவ்’ சரி. எத்தனை வருடம் என்று கணக்குச் சொன்னால் வெறும் ‘லிவ்ட்’ போதும்.

சரியாக வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது ‘ஹேட்’. போன வாரம் திருப்பதி போயிருந்தேன் என்பதை ‘ஐ ஹேட் கான்’ என்று அப்படியே கொண்டுபோவோம். நம் ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வெளியூர்க்காரரோ அதற்குப் பிந்திய இன்னொரு சம்பவத்தை எதிர்பார்ப்பார். ‘ஐ வென்ட் லாஸ்ட் வீக்’, அவ்வளவுதான்.

இன்னும் படுத்துவது ‘யூஸ்டு டு’வின் எதிர்மறை, ‘ஐ டிடின்ட் யூஸ் டு’. ‘டிட்’ வந்தால் ‘யூஸ்டு’வில் கடைசி ‘டி’ எழுத்து போய்விட வேண்டும். பேச்சில் அது காதில் விழாது, பிரச்சினை இல்லை. மெயிலில் எழுதும்போது மட்டும் இன்றைக்கும் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.