வால்ப்ரோ 255 பெட்ரோல் பம்ப்: டர்போ வண்டிக்கு இது மட்டும் போதுமா?

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்தப் பம்பைத்தான். டேங்குக்குள் உட்காரும் ஜிஎஸ்எஸ்342 மாடல், மணிக்கு 255 லிட்டர் தள்ளும். பம்ப் நல்ல பம்ப்தான். ஆனால் அந்த 255, அழுத்தம் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), பம்ப் முனையில் 13.5 வோல்ட் என்ற நிலையில் கிடைப்பது. அழுத்தம் ஏறினாலும் வோல்டேஜ் இறங்கினாலும் அளவு குறையும்.

அப்படிக் குறைந்தாலும் தேவைக்கு மேலேதான் நிற்கும். டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 250 குதிரைத்திறனுக்கு 68 கிலோ, அதாவது 92 லிட்டர்தான். இந்தப் பம்பைப் போட்டும் வண்டி லீனாக, அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் கிடைக்காமல், ஓடினால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதல் சந்தேகம், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர். நிமிடத்துக்கு 240 சிசி பீய்ச்சும் இஞ்செக்டர் நான்கு, 85 சதவீத டியூட்டியில் (திறந்திருக்கும் நேரம்) 130 குதிரைத்திறனோடு சரி. எந்தப் பம்பும் அதை மாற்றாது. 440 சிசி போட்டால் 235 வரை போகலாம். ஆனால் இசியூவில் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) மேப்பை, அதாவது பெட்ரோல் அளவுக் கணக்கை, மாற்றாமல் போட்டால் ஐடிலிலேயே (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதே) புகை கக்கும்.

அடுத்தது, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். அதன் வேக்யூம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) மாட்டியிருந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும் அளவுக்கு பெட்ரோல் அழுத்தமும் ஏறும். ஹோஸ் இல்லாமல் 43.5 பிஎஸ்ஐயிலேயே நின்றால், 10 பிஎஸ்ஐ பூஸ்டில் இஞ்செக்டர் 12 சதவீதம் குறைவாகத்தான் பீய்ச்சும். பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு இடையே உள்ள பகுதி) உடைய அது தாராளம். இதற்குக் குறுக்குவழியாக 12-க்கு-1 எஃப்எம்யூ விற்கிறார்கள்; ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் பெட்ரோல் அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ ஏற்றும் கருவி அது. 6 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு அழுத்தம் 115-ஐத் தொடும். அங்கே இந்தப் பம்பும் படுத்துவிடும். வாங்காதீர்கள்.

மாட்டும்போது பழைய மெல்லிய வயரை நம்ப வேண்டாம். பேட்டரியிலிருந்து தனி ரிலே, 20 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மிமீ வயர். டேங்குக்குள் போகும் ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தக்க 30ஆர்10 வகையாக இருக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் ஹோஸ் ஊறி வெடிக்கும். பம்பின் அடியில் மாட்டும் வடிகட்டிச் சாக்கும் புதிது போடுங்கள். ஐடிலில் அழுத்தம் தானாக ஏறி நின்றால், மிச்சப் பெட்ரோலைத் திருப்பி அனுப்ப ரிட்டர்ன் லைனுக்குத் திராணியில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது கியரில் முழு த்ராட்டில் கொடுத்து பெட்ரோல் அழுத்தத்தையும், வைட்பேண்ட் சென்சார் காட்டும் ஏஎஃப்ஆரையும் (காற்று-பெட்ரோல் விகிதம்) பதிவு செய்யுங்கள். ரெட்லைன் (எஞ்சினின் உச்ச வேகம்) வரை அழுத்தம் பூஸ்டோடு சேர்ந்து நின்றும் ஏஎஃப்ஆர் 12-ஐத் தாண்டினால் குறை இஞ்செக்டரில் அல்லது மேப்பில். அழுத்தமே சரிந்தால் ஃபில்டர், வயர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். பம்பில் சந்தேகம் வந்தால் வாங்கிய கடையையும் சந்தேகியுங்கள், போலி ஏராளம்.